காங்கேயம், வேற வழியில்லாட்டி

அன்றைக்கு அவிநாசி வீட்டில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் நானும் இருந்தேன், நானும் கேட்டேன் என்று ஆளாளுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். பெண் வீட்டில், குடும்பத்துக்குப் பெரியவர் பாலுசாமி, அவர் மனைவி நாச்சியம்மாள், மகள் மோகனப்பிரியா. மாப்பிள்ளை வீட்டில், காங்கேயத்தில் தேங்காய் எண்ணெய் மில் வைத்திருக்கும் சென்னியப்பன், அவர் மனைவி பாவாத்தாள், மகன் சபரீஷ். அவ்வளவுதான். வாசலில் காரோடு நின்ற டிரைவர் பிரான்சிஸை வீட்டில் இருந்தவராகக் கணக்கில் எடுத்துக்கொள்ள முடியாது.

பாலுசாமியின் போனை எந்தக் கணக்கில் எடுத்துக்கொள்வது என்பதுதான் சிக்கல்.

மாப்பிள்ளை வீட்டார் அப்போதுதான் காங்கேயத்தை விட்டுக் கிளம்பியிருந்தார்கள். பாலுசாமி சலவை வேட்டியைக் கட்டிக்கொண்டு கூடத்தில் நாற்காலிகளை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார். டீப்பாயின் மேல் இருந்த போன் மணியடித்தது. உடனே அதற்குள்ளிருந்து பஸ் ஸ்டாண்டு அறிவிப்பு போல ஒரு பெண் குரல் வீடு அதிரக் கிளம்பியது.

"காங்கேயம், வேற வழியில்லாட்டி. அழைக்கிறார். காங்கேயம், வேற வழியில்லாட்டி. அழைக்கிறார்."

பாலுசாமியின் கையிலிருந்த நாற்காலி நழுவிக் கால் விரலில் விழுந்தது. வலியை விழுங்கிக்கொண்டு போனை எடுத்தார்.

"சொல்லுங்க, சொல்லுங்க."

"பொறப்பட்டுட்டோமுங்க," என்றார் சென்னியப்பன். "திருப்பூர் தாண்டிட்டுக் கூப்படறனுங்க. ஊட்டுக்கு வழி மறந்துபோச்சு, மறுக்காச் சொல்லோணும் நீங்க."

"ஆகட்டுமுங்க, வாங்க," என்று பாலுசாமி போனை வைத்தபோது, ஒப்புட்டுக்காகப் போளி சுட்டுக்கொண்டிருந்த கரண்டியோடு நாச்சியம்மாள் கதவருகே நின்றிருந்தாள்.

"ஏனுங்க, அதென்னங்க வேற வழியில்லாட்டி?"

விஷயம் இதுதான். மகளுக்கு மூன்று இடத்து ஜாதகம் ஒன்றாக வந்தபோது, ஆள் குழம்பாமல் இருக்கப் பாலுசாமி ஒவ்வொருவர் எண்ணுக்கும் ஓர் அடையாளம் போட்டு வைத்தார். 'கோபி, பெரிய எடம்.' 'பொள்ளாச்சி, யோசிக்கலாம்.' சென்னியப்பன் முதல் தடவை மில்லிலிருந்து நேராக, எண்ணெய்க் கறைச் சட்டையோடு வந்து இறங்கியவர். அதனால் அவர், 'காங்கேயம், வேற வழியில்லாட்டி.'

கோபிக்காரர்கள் பெண்ணை நடந்து காட்டச் சொன்னார்கள். பாலுசாமி அவர்களை நடந்து போகச் சொல்லிவிட்டார். பொள்ளாச்சிக்காரர்கள் யோசித்துக்கொண்டே இருந்து விட்டார்கள். காங்கேயம் மட்டும் நின்றது. இன்றைக்குப் பூ வைத்து உறுதி செய்ய வருகிறார்கள். பேரை மாற்ற வேண்டும் என்று பாலுசாமிக்குத் தோன்றவே இல்லை. அது போனுக்குள் எழுத்தாக ஊமையாய்த்தானே கிடந்தது, நேற்று வரைக்கும்!

நேற்று அதற்கு வாய் கொடுத்தவர் அவரேதான். பாலுசாமிக்குக் கண்ணாடி போடாமல் போனில் யார் அழைப்பது என்று தெரியாது. நாலு பேர் முன்னால் கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனைத் தூக்கித் தூக்கிப் பார்ப்பது அவர் கௌரவத்துக்கு ஒத்துவராது. ஆகவே, நேற்றுக் காலையில் அழைப்பவர் பேரை உரக்கச் சொல்லும் ஆப் ஒன்றைப் போட்டார். அது கொஞ்ச நேரம் பேசும், பிறகு தூங்கிவிடும். கோவை உக்கடத்தில் போன் கடை வைத்திருக்கும் கிருபாசங்கரிடம் கொண்டுபோனார்.

"போனை ரூட் பண்ணி, இந்த ஆப்புக்கு சிஸ்டம் உரிமை குடுத்துரலாமுங்கய்யா," என்றான் கிருபாசங்கர்.

"அப்படீன்னா?"

"சாதாரண ஆப்புன்னா வாடகைக்குக் குடியிருக்கறவன் மாதிரிங்க. போன் நெனச்சா வாயை மூடச் சொல்லும், துரத்தியும் போடும். சிஸ்டத்துக்குள்ள சேத்துட்டா அது உங்க பங்காளி மாதிரிங்க. பட்டாவுல பேரு ஏறிரும். அப்பறம் யாரும் அசைக்க முடியாது."

பாலுசாமிக்கு அந்த விளக்கம் ரொம்பப் பிடித்துப் போயிற்று. தன் போனில் இருப்பது வாடகைக்காரனாக இருக்கக் கூடாது என்று உடனே சம்மதித்தார். பங்காளியை யாராலும் வாயடைக்க முடியாது என்பது, அத்தனை பங்காளிகளோடு பிறந்த மனிதருக்கு அந்த நேரத்தில் நினைவு வரவில்லை.

இப்போது வந்தது.

"அடையாளத்துக்குப் போட்டது நாச்சா. சத்தத்தைக் கொறைச்சுப் போட்டா முடிஞ்சுது," என்று பக்கவாட்டுப் பொத்தானை அழுத்திப் பிடித்தார். "எங்கே, உன்ற போன்லருந்து ஒருக்காக் கூப்பிடு, பாக்கலாம்."

நாச்சியம்மாள் கூப்பிட்டாள். குறைத்த சத்தத்தைப் போன் தானே ஏற்றிக்கொண்டது.

"ஊடு, அப்பறம் எடுக்கலாம். அழைக்கிறார். ஊடு, அப்பறம் எடுக்கலாம். அழைக்கிறார்."

நாச்சியம்மாள் தன் போனைக் காதிலிருந்து இறக்கினாள்.

"அப்பறம் எடுக்கலாமுங்களா?" என்றாள் நாச்சியம்மாள். கோபம் ஏற ஏற அவள் பேச்சில் மரியாதை கூடும். "எப்பக் கூப்பிட்டாலும் வண்டியில வந்துட்டிருந்தேன், வண்டியில வந்துட்டிருந்தேன்னு சொல்வீங்களே. அது இதுதானுங்களா?"

"ஏ புள்ள, அதைப் பொறகு பேசிக்கலாம். இப்ப மானம் போற வேளை."

கிருபாசங்கரைக் கூப்பிட்டார்.

"ஏப்பா கிருபா, இதோட வாயை அடைக்கோணும். ஒறம்பரை வந்துட்டிருக்காங்க!"

"சத்தத்தைக் கொறைச்சா அதுவே ஏத்திக்குமுங்கய்யா. அதுக்குத்தான சிஸ்டம் உரிமை குடுத்தது."

"பேரை மாத்திப் போட்டா?"

"பேரையெல்லாம் அது தனியா நெனப்பு வெச்சுக்குமுங்க. நீங்க மாத்துனாலும் பழசைத்தான் சொல்லும்."

"ஆப்பையே எடுத்துப் போட்டா?"

"பங்காளின்னு நேத்தே சொன்னனுங்களே. உங்களால முடியாது. கடைக்குக் கொண்டாங்க, எடுத்துத் தாரேன்."

"நான் உக்கடத்துக்கு வந்துட்டுத் திரும்பறதுக்குள்ள இங்க எல்லாம் முடிஞ்சிருமப்பா!"

"செரிங்க, ஒண்ணு செய்யுங்க. ஆப்பைத் தொறந்தீங்கன்னா, அதுக்கு உரிமை, இதுக்கு உரிமைன்னு வரிசையாக் கேக்கும். எல்லாத்துக்கும் வேண்டாம்னு அமுத்திருங்க. அடங்கிப் போகும். கடையில ஆளு நிக்கறாங்க, வெச்சுரட்டுங்களா?"

பாலுசாமி போனைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்துத் திறந்தார். சின்ன எழுத்துகள் எறும்புச் சாரையாக ஓடின. கீழே இருந்த இரண்டு பெரிய பொத்தான்கள் மட்டும் தெரிந்தன. ஒன்றில் 'அனுமதி'. இன்னொன்றில் 'மறு'.

வேண்டாம் என்று எதிலும் இல்லை.

மறுபடி கூப்பிட்டுக் கேட்கலாம். ஆனால் தமிழ் எழுத்துக்கு அர்த்தம் உக்கடத்துப் போன் கடைக்காரனிடம் கேட்பதா? பாலுசாமி நிமிர்ந்து நின்று யோசித்தார். மறு என்றால் மறுபடியும். அதை அழுத்தினால் இந்தச் சனியன் மறுபடியும் கத்தும். அனுமதி என்றால்? நம் பக்கத்தில் யாரும் வீட்டை விட்டுச் சொல்லாமல் போவதில்லை. வரட்டுங்களா என்று கேட்டு, வீட்டுக்காரர் தலையசைத்த பிறகுதான் செருப்பு மாட்டுவார்கள். இதுவும் போவதற்குத்தான் அனுமதி கேட்கிறது. கேட்கிற முறையில் கேட்டால் கொடுக்க வேண்டியதுதானே?

"போயிட்டு வா," என்று மரியாதையாகச் சொல்லி 'அனுமதி'யை அழுத்தினார். இன்னொன்று கேட்டது. அதற்கும் கொடுத்தார். கேட்கக் கேட்கக் கொடுத்தார். கடைசியில் அது கேட்பதை நிறுத்திக்கொண்டது.

"அடங்கிருச்சு," என்றார்.

அது அடங்கவில்லை என்பது சிறிது நேரத்தில் தெரிந்தது.

"காங்கேயம், வேற வழியில்லாட்டி. அழைக்கிறார்."

பாலுசாமி திடுக்கிட்டார். ஆனால் முன்போல அது திரும்பத் திரும்பச் சொல்லவில்லை. ஒரு தடவை சொல்லிவிட்டுச் சட்டென்று மௌனமாகிவிட்டது. மணியும் நின்றுவிட்டது.

"பாத்தியா? ஒருக்காச் சொல்லிப்போட்டு வாயை மூடிக்கிச்சு. பாதி அடங்கிருச்சு."

"அவங்க கூப்பிட்டாங்களே, என்னாச்சுங்க?"

"லைன் கட்டாயிருச்சாட்ட இருக்குது. தேவைன்னாத் திரும்பக் கூப்புடுவாங்க." போனைப் பார்க்கவே பயந்து டீப்பாயில் கவிழ்த்து வைத்தார். அதனருகே கொசு முனகுவது போல ஏதோ கேட்டது. தோள் துண்டை எடுத்து ஒரு வீசு வீசினார்.

"அணைச்சாவது போடுங்களேன்," என்றாள் நாச்சியம்மாள்.

"வழி கேட்டுக் கூப்படறவங்களுக்கு, அணைச்சு வெச்சிருக்குதுன்னு பதில் போகோணுமா? பொண்ணுக் குடுக்க மனசில்லாத ஊடுன்னு அவிநாசி ரோட்டுலயே வண்டியைத் திருப்பிருவாங்க!"

"அப்பச் செரி, அவங்க வந்து ஒக்காந்ததும் அது கத்தட்டுமுங்க. இந்த எட்டு ஒப்புட்டை வெச்சுட்டு வர்றவங்களுக்கு என்ன பண்றதுன்னே எனக்கு வெசனமா இருக்குது, இதுல நீங்க வேற. ஒரு கண்ணாடியைப் போட்டுத் தொலைச்சிருந்தீங்கன்னா இந்த வம்பே இல்லீங்களே!"

"சம்பந்தி முன்னால கண்ணாடி போட்டுட்டு ஒக்காரச் சொல்றயா? பார்வை மங்குன ஊட்டுல பொண்ணெடுத்தோம்னு நாளைக்குச் சொல்லிக் காட்டுவான்."

அறைக் கதவு திறந்தது. மோகனப்பிரியா பாதி கட்டிய புடவையோடு நின்றாள். கோவையில் பெரிய கம்பெனியில் வேலை பார்க்கிற பெண், அழுகிறவள் இல்லை. ஆனால் கண் சிவந்திருந்தது.

"அந்தப் பேரை நீங்கதான் போட்டீங்களா அப்பா?"

"கண்ணு, அது அன்னிக்கு. அவரு எண்ணெய்க் கறைச் சட்டையோட வந்து எறங்கவும், நான் ஏதோ..."

"கோபிக்காரங்க சலவைச் சட்டையோட வந்துதானுங்கப்பா என்னை நடந்து காட்டச் சொன்னாங்க. இவுங்க வந்து, என்ன வேலை பாக்கறே கண்ணுன்னு பக்கத்துல ஒக்கார வெச்சுக் கேட்டாங்க. எனக்கு இவுங்க ஊடு போதுமுங்கப்பா. வேற வழி எனக்கு வேண்டாம்."

பாலுசாமி நாற்காலியில் உட்கார்ந்தார். விரைப்பாக இருந்த முதுகு முதல் தடவையாக வளைந்தது.

"எனக்கு மட்டும் தெரியாதா அம்மணி? நல்ல மனுசங்க. அதுதான் ஈரக்கொலை நடுங்குது. இந்த வார்த்தை அவங்க காதுல உழுந்துதுன்னா, நான் எந்த மூஞ்சியை வெச்சுட்டு அந்த மனுசனைப் பாக்கறது? என்ற வாய்க்கொழுப்புல உன்ற வாழ்க்கை போயிருமேன்னு இருக்குது."

பிறகு நாச்சியம்மாள்தான், "அந்தப் பித்தளை அண்டாவுக்குள்ள போட்டு மூடுங்க, சத்தம் வெளிய வராது," என்றாள்.

அது நல்ல யோசனையாகவே அப்போது பட்டது. சமையலறையில் கல்யாணச் சீருக்குக் கழுவிக் கவிழ்த்திருந்த அண்டாவை நிமிர்த்தி, போனை உள்ளே இறக்கித் தட்டைப் போட்டு மூடி, மேலே பவானி ஜமக்காளத்தையும் மடித்து வைத்தார்கள். இனி அவர்கள் வழி கேட்டுக் கூப்பிட்டாலும் கேட்காதே என்று நினைத்துக்கொண்டே பாலுசாமி கூடத்துக்குத் திரும்பி வருவதற்குள், வாசலில் கார் சத்தம் கேட்டது. வழியே கேட்காமல் வீட்டைக் கண்டுபிடித்து வந்துவிட்டார்கள்.

"வாங்க, வாங்க, வாங்க!"

சபரீஷ் காது நுனி வரை சிவந்து, படி இருப்பது தெரியாமல் தடுக்கி உள்ளே வந்தான். தடுக்கி விழப்போனவன் சிரித்துக்கொண்டே விழப்போனான். சென்னியப்பன் தும்பைப்பூ வெள்ளையில் சட்டை போட்டிருந்தார்.

"இன்னிக்கு மில்லுப் பக்கமே போவலீங்க," என்றார், யாரும் கேட்காமலே.

பாலுசாமி அவசரமாக ஒரு நாற்காலியை நகர்த்திப் போட்டார்.

பாவாத்தாள் நாச்சியம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஏனுங்க அம்மணி, எங்களுக்கெல்லாம் சக்கரைத் தொந்தரவு. ஆளுக்குப் பாதி ஒப்புட்டு போதுமுங்க. நீங்க வெசனப்படாதீங்க."

தாம்பூலத் தட்டில் முகூர்த்த நாள் எழுதிய தாளை நீட்டியபோது சென்னியப்பன் தன் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். "எனக்கு இது இல்லாட்டி ஒண்ணும் தெரியாதுங்க. நீங்களும் போடறதுன்னா போட்டுக்கங்க, நமக்குள்ள என்னங்க இருக்குது?"

இவ்வளவு இங்கிதம் தெரிந்த குடும்பத்தைப் பாலுசாமி பார்த்ததே இல்லை. அதனாலேயே பயம் இன்னும் கூடியது. அவர் காது முழுக்க அண்டாவிலேயே இருந்தது. தட்டுப் பாத்திரம் ஏதாவது ஒலித்தால் துள்ளினார். தண்ணீர் குடித்தார். நல்லவேளை, கூப்பிடக் கூடிய ஆள் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறார். பார்த்தால் அவர் கையில் போனும் இல்லை. மகாராணி மாதிரி மோகனப்பிரியா வந்து உட்கார்ந்தாள். இன்னும் பூ வைக்க வேண்டியதுதான் பாக்கி. பாவாத்தாள் கையை நீட்டினாள்.

"பூக்கூடை எங்கே?"

"வண்டியிலயே உட்டுட்டமாட்ட இருக்குது. என்ற போனும் வண்டியிலதான் கெடக்குது," என்றார் சென்னியப்பன்.

அந்த நொடியில் வாசலில் இருந்த பிரான்சிஸுக்கும் பூக்கூடை கண்ணில் பட்டிருக்கிறது. கொண்டுவரலாமா என்று கேட்க, முதலாளியின் போனை எடுத்துக் கடைசியாகப் பேசிய எண்ணை அழுத்தியிருக்கிறான்.

பித்தளை அண்டா என்பது சத்தத்தை மூடி வைக்கிற பாத்திரம் அல்ல. கோயில் மணியும் அதே இனத்து உலோகம்தான். சமையலறையிலிருந்து, அடிவயிற்றிலிருந்து கிளம்புவது போல, ஒரு பெண் குரல் எழுந்து வீட்டையே நிறைத்தது.

"காங்கேயம்ம்ம், வேற வழியில்லாட்டிஇஇ. அழைக்கிறார்ர்ர்."

அண்டாவை மூடியிருந்த தட்டு தரையில் விழுந்து உருளும் சத்தம் கேட்டது.

பாலுசாமிக்குக் கூடம் கறுத்துக்கொண்டு வந்தது. நாலு தலைமுறையாக ஒறம்பரை முகம் சுளித்துத் திரும்பாத வீடு, தன்னால், தன் போனால். மகளைப் பார்க்கத் துணிவில்லை.

நாச்சியம்மாள்தான் தடுமாறிச் சொன்னாள். "அது... அது ஒண்ணுமில்லீங்க. ரூட்டுப் போட்ட போனுங்க அது."

சென்னியப்பன் மனைவியைப் பார்த்தார். மனைவி மகனைப் பார்த்தாள். பிறகு சென்னியப்பன் மெதுவாகத் தொண்டையைக் கனைத்தார்.

"ரூட்டுங்களா! அதான பாத்தேன். காங்கேயத்துக்கு வேற வழியில்லாட்டி எப்படிப் போறதுன்னு ரூட்டுச் சொல்லுதுங்க."

"ஆமாமுங்க," என்றாள் பாவாத்தாள். "அந்தக் காலத்துல வழியில நிக்கறவங்களத்தான் கேக்கோணும். இப்பப் பாருங்க, அண்டாவே சொல்லுது."

"எனக்கு வந்த வழியே போதுமுங்க. வேற வழி வேண்டாம்," என்றான் சபரீஷ், மோகனப்பிரியாவைப் பார்த்து. அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குனிந்தாள். அது அழுகையா சிரிப்பா என்று பாலுசாமிக்குக் கண்ணாடி இல்லாமல் தெரியவில்லை.

பிரான்சிஸ் கூடையைக் கொண்டுவந்து வாசலில் வைத்தான். பூ வைத்தார்கள். வெற்றிலை மாற்றினார்கள். ஒப்புட்டு இரண்டு மீந்தே போயிற்று.

மறுநாள் காலையிலேயே பாலுசாமி உக்கடம் போய், கிருபாசங்கரை வாய் திறக்க விடாமல் போனை அவன் மேசையில் வைத்து, ஒரு பட்டன் போனை வாங்கிக்கொண்டு திரும்பினார். விஷயம் அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் வீட்டுச் சுவருக்குள் நடந்தது எப்படியோ பங்காளிகள் காதுக்குப் போய்விட்டது. அந்த வார்த்தையைக் கேட்டுமா பெண் எடுத்தார்கள் என்று ஆளாளுக்குத் துளைத்தார்கள். குடும்ப மானத்தைக் காக்க வேண்டியிருந்தது. பாலுசாமி முதுகை நிமிர்த்தி, "அவங்களுக்கு எங்கே கேட்டுது? சம்பந்தி ஊட்டுல எல்லாருக்குமே காது சித்த மந்தம்," என்று சொல்லி வைத்தார்.

கல்யாணத்தன்று அதன் பலன் தெரிந்தது. மண்டபத்தில் பெண் வீட்டார் ஒவ்வொருவரும் சென்னியப்பனின் காதருகே குனிந்து, "வாங்க மாமா, சௌக்கியமுங்களா!" என்று கூவினார்கள். பாவாத்தாளுக்குச் சைகையிலேயே சாம்பார் வேண்டுமா என்று கேட்டார்கள். அவர்களும் ஒன்றும் சொல்லாமல், கூவினதற்கெல்லாம் கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

பந்தியில் பாலுசாமிக்குப் பக்கத்து இலை பிரான்சிஸுடையது. எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்த பங்காளி ஒருவர் அவனைக் கேட்டார்.

"ஏப்பா, உன்ற மொதலாளி ஊட்டுல யாருக்கும் காது கேக்காதாமே, நெசமா?"

பிரான்சிஸ் ரசத்தைக் குடித்து முடித்து, வாயைத் துடைத்துக்கொண்டான்.

"பொய்யிங்க. காதெல்லாம் நல்லாக் கேக்கும். அன்னிக்குத் திருப்பூர்ல கூப்பிட்டப்ப இந்த ஐயா போன் தன்னால எடுத்துக்கிச்சுங்க. ஊட்டுல பேசுனது பூராவும் அவிநாசி வர்ற வரைக்கும் கார் ஸ்பீக்கர்ல கேட்டுட்டுத்தான் வந்தோம். பெரியவங்க பேசிட்டிருக்கறப்ப லைனை வெட்டறது மரியாதை இல்லைன்னு மொதலாளிதான் சொல்லிப்போட்டாருங்க."